நாற்பதுக்கு மேல்

சவுரிராயன் கார் வாங்கிய விஷயம் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஆரோக்கியசெல்விக்கு மட்டும் தெரியாது.

பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக விடுதி நடத்திவந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே பேர்தான் உட்காரலாம். துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம். ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். உப்புக்காற்றும் வெயிலும் தின்றது போக இப்போது காய்ந்த மிளகாயின் நிறம். அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடியே வெகுகாலம் ஆகிவிட்டது.

சிக்னல் பிரிவில் டெக்னீஷியன் வேலை பார்க்கிறவன், ஒரு மிக்ஸி வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவன், இப்படி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும் அக்கம்பக்கத்தார் வாயைப் பிளந்தார்கள். திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் கலைமதி போட்டோவைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, இதுல நான் எங்க உக்கார்றது?"

"நீ டிக்கில உக்காந்துக்கோ."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிடாத. வர்றப்ப பாத்துக்கட்டும்."

கல்யாணமான புதிதில் இருவரும் பைக்கில் மரக்காணம் போய்க்கொண்டிருந்தபோது, கடற்கரைச் சாலையில் இதே மாதிரி ஒரு வண்டி அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது. உள்ளே இருந்த பெண்ணின் கூந்தல் காற்றில் அலைந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த செல்வி, "இந்த மாதிரி வண்டில ஒரு தபா போவணுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் அந்தச் சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம்தான் அவள் தம்பி அன்புச்செல்வன் ஒலக்கூர் பக்கம் ஹைவேயில் பைக்கோடு லாரியில் மோதி இறந்துபோயிருந்தான். அவன் வண்டியில் ஸ்பீடாமீட்டர் ஓடாமல் கிடந்து பல மாதம் ஆகியிருந்தது. எவ்வளவு வேகத்தில் போனான் என்று போலீஸ் கேட்டபோது ஒருத்தர் எண்பது என்றார், ஒருத்தர் நூறு என்றார், அவன் எப்போதும் நிதானமாகத்தான் போவான் என்று அவன் அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். செல்விக்கு அந்தச் சாவைவிட இந்தத் தெரியாமைதான் பெரிய முள்ளாகத் தங்கிப்போனது. அதற்குப் பிறகு மீட்டர் ஓடாத எந்த வண்டியிலும் அவள் ஏறியதில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் மோவாயைச் சவுரிராயனின் வலது தோளில் வைத்துக்கொண்டு மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவாள். நாற்பதைத் தாண்டினால் இடுப்பில் ஒரு கிள்ளு விழும்.

அவள் மஸ்கட் போய் மூன்று வருஷம். இப்போது சவுரிராயன் தனியாகத்தான் பைக்கில் போகிறான். கிள்ளுவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் நாற்பது வந்ததும் கை தானாகத் தளர்ந்துவிடும். சில நாள் வேலை முடிந்து திரும்பும்போது அந்தத் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டே வருவான். அப்படி வருகிறோம் என்பது வீடு வந்து இறங்கும்போது கழுத்து வலித்தால்தான் அவனுக்கே தெரியும்.

மாசி மாதம் செல்வி லீவில் வருவதாக முடிவானது. அதனால்தான் கார். ஆனால் பொம்மையார்பாளையத்திலிருந்து வளவனூர் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தபோது ஸ்பீடாமீட்டர் முள் சைபரைவிட்டு அசையவே இல்லை.

கிழக்குப் பாண்டி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கோபி அவனோடு பள்ளியில் படித்தவன். காரைச் சுற்றி வந்து பானெட்டில் தட்டிப் பார்த்தான்.

"கிலோமீட்டர் நம்பராவது ஓடுதா?"

"அதுவும் ஓடல. வாங்கினப்ப இருந்த நம்பர்தான் இன்னும் கீது."

"அப்ப முள்ளு மட்டும் பேஜாரு இல்ல. முள்ளு தனியா செத்துச்சுன்னா மீட்டர் ரிப்பேரு. ரெண்டும் சேந்து செத்துச்சுன்னா கீழருந்து சுத்து மேல வரல. கேபிள்தான்ப்பா. ஜல்தியா முடிச்சிடலாம்."

இந்தக் காலத்து வண்டிகளில் இதெல்லாம் ஒயரும் சென்சாருமாக இருக்கிறது. இந்த வண்டியிலோ கியர் பாக்ஸிலிருந்து நீளமாக ஒரு கம்பி, குழாய்க்குள் சுழன்று சுழன்று சக்கரத்தின் ஓட்டத்தை மீட்டருக்குக் கொண்டுபோகிறது. கோபி டேஷ்போர்டைக் கழற்றி, மீட்டரின் பின்பக்கத்தில் கேபிளின் மறையைத் திருகி எடுத்தான். உள்ளே இருந்த கம்பியை உருவிப் பார்த்தால் அறுபடவில்லை. எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து துருவேறியிருந்தது, அவ்வளவுதான். மீட்டராவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் கம்பியை டிரில் மெஷினில் மாட்டி, மறுமுனையை மீட்டரில் சொருகிச் சுற்றவிட்டான்.

முள் துள்ளி எழுந்தது. இருபது, நாற்பது, அறுபது. வண்டி பட்டறைக்குள் அசையாமல் நின்றுகொண்டிருக்க, முள் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"மீட்டர் நல்லாத்தான் கீது" என்று கோபி மெஷினை நிறுத்தினான்.

"இன்னொரு தபா சுத்து."

"அதான் தெரிஞ்சிடுச்சே?"

"சும்மா சுத்துப்பா. நாப்பதுல நிறுத்து."

கோபி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுற்றினான். முள் நாற்பதில் நடுங்கிக்கொண்டு நின்றது. சவுரிராயன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே இரும்புக்கடைச் சுவர்தான். ஆனால் அவனுக்கு மரக்காணம் ரோடும் உப்பளமும் தெரிந்தன. கோபி மெஷினை நிறுத்தியதும் எல்லாம் போய்விட்டது.

புதுக் கேபிள் போட்டார்கள். கிரீஸ் தடவினார்கள். பாண்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் அசைவேனா என்றது. கோபி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தான். கியர் பாக்ஸில் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. அதை எடுத்து வந்து சவுரிராயன் உள்ளங்கையில் வைத்தான். பல்லெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"இதாம்ப்பா திருடன். இது புதுசு எங்கயும் கெடைக்காது. தேடணும்."

அன்று மாலை செல்வி வீடியோவில் வந்தாள். பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"கன்னத்துல இன்னா கறுப்பு?"

"சிக்னல் பெட்டில வேல. கிரீஸு." புறங்கையால் துடைத்ததில் கறுப்பு இன்னும் பரவியது. "நீ எங்க இருக்க? ஒரே சத்தமா கீது."

"டாக்ஸிங்க. டூட்டி முடிஞ்சி ரூமுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"டிரைவர மெதுவா போவச் சொல்லு."

அவள் சிரித்தாள். முகத்தில் தெருவிளக்கு விழுந்து விழுந்து மறைந்தது. மூன்று வருஷமாக இந்தச் சிறிய சதுரத்துக்குள்தான் அவளைப் பார்க்கிறான். சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அசதியில் தூங்கிப்போவாள். போன் சாய்ந்து அவளுடைய காதும் தலையணை ஓரமும் மட்டும் தெரியும். இணைப்பைத் துண்டிக்க மனம் வராமல் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கோபி எங்கெங்கோ சொல்லிவைத்து, வேறொரு வண்டியின் பழைய கியர் பாக்ஸிலிருந்து பல்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தான். கச்சிதமாகப் பொருந்தியது. வளவனூர் ரோட்டில் வண்டியை எடுத்ததும் முள் எழுந்தது. கோபி தொடையில் தட்டிக்கொண்டு, "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினான். சவுரிராயன் முள்ளை நாற்பதில் நிறுத்தி ஓட்டினான். ஆனால் சாலையோரத்துப் புளியமரங்கள் நாற்பதில் போகிற மாதிரி போகவில்லை. இந்த வேகம் அவன் உடம்புக்குத் தெரியும். இது அது இல்லை.

"போன்ல ஸ்பீடு பாரு கோபி."

கோபி போனை எடுத்துப் பார்த்தான். "அம்பத்தி ரெண்டு காட்டுது."

வண்டியை ஓரம் கட்டினார்கள். வேறு வண்டியின் சக்கரம், பல்லின் எண்ணிக்கை வேறு. அதனால் முள் ஓடும், ஆனால் குறைத்துச் சொல்லும். கோபி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"இப்டியே உட்டுடேன். நீ அம்பதுல போ, அது நாப்பதுன்னு காட்டட்டும். ஊட்டுக்காரம்மா நிம்மதியா வருவாங்க, உனக்கும் வண்டி ஓட்டுன மாதிரி இருக்கும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

சவுரிராயன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அவ தம்பி எவ்ளோ ஸ்பீடுல போனான்னு தெரியாமத்தான் இத்தினி வருஷமா தூக்கம் வராம பொரண்டுக்கினு இருந்தா. அந்த முள்ள நம்பித்தான் எங்கூட ஏறி உக்காருவா. அது பொய் சொல்லலாமா?"

கோபி திரும்பி வந்ததும் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான்.

சரியான சக்கரம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சவுரிராயன் மழுங்கின சக்கரத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். முகம் தெரியாத ஒருவர் தன்னிடம் உபரியாக இருந்ததைக் கூரியரில் அனுப்பிவைத்தார். அதைப் போட்டு ஓட்டியபோது முள்ளும் போனும் ஒன்றையே காட்டின. செல்வி வந்து இறங்குகிறவரை தினமும் டூட்டி முடிந்ததும் வளவனூர் வரை நாற்பதிலேயே போய்விட்டு வந்தான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பள்ளம் மேடு வந்தால் பார்த்து இறக்குவான்.

மீனம்பாக்கத்துக்கு வாடகைக் காரில் போய்ச் செல்வியை அழைத்துவந்தான். கொஞ்சம் இளைத்திருந்தாள். முடியைத் தோளுக்குமேல் வெட்டியிருந்தாள். வீடியோவில் எப்போதும் தூக்கிக் கட்டியிருப்பாள் என்பதால் அது அவனுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் தார்ப்பாயை உருவிக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமாங்க?"

பிறகு காரைச் சுற்றி வந்தாள். கதவைத் தடவினாள். உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவன் எதிர்பார்த்திருந்த கேள்வியை, மீட்டர் ஓடுதா என்பதை, அவள் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் ரோஷணையில் இருக்கும் அவள் அம்மா கோவிந்தம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். லீவில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கவேண்டும். சவுரிராயனுக்கு டூட்டி இருந்தது. வார ஓய்வில் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே மறுநாள் காலை அவளைக் கொண்டுபோய் விடுகிற அந்தப் பயணம்தான் அவன் மூன்று வருஷமாகக் காத்திருந்த பயணம்.

கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இடதுபக்கமாகவே ஒட்டிக்கொண்டு நாற்பதில் போனான். முண்டியம்பாக்கத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். போகிறபோக்கில் அந்தச் சின்ன வண்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சவுரிராயன் கேபிள் கதையை, பல்சக்கரக் கதையை, கோயம்புத்தூர்க்காரர் கதையை விடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள்.

"பாரு, கரெக்டா நாப்பது."

"ம். நல்லா கீதுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. விக்கிரவாண்டி வந்துவிட்டது. கிளம்பியதிலிருந்து ஒருதரம்கூட அவள் கண் முள்பக்கம் போகவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கேட்டாள்: "நான் கொஞ்சம் ஓட்டட்டுங்களா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து மஸ்கட் லைசென்ஸையும் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள். போட்டோவில் வெட்டிய முடியோடு அவள் முகம்.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பருந்து?"

"ஒன்றர வருஷமாச்சு. மஸ்கட்டுக்கு வெளிய பர்க்கால இருக்கற எங்க இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. அங்க பஸ்ஸு கெடையாது. கத்துக்கலன்னா வேல போய்டும்னாங்க."

"டாக்ஸின்னு சொன்னியே."

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல." பிறகு மெல்லச் சொன்னாள்: "மொத மாசம் தெனம் அழுதேங்க. கிளாஸ் எடுக்கற பொம்பள ஓமான்காரி. அவளுக்கு எம் பாஷ தெரியாது, எனக்கு அவ பாஷ தெரியாது. கையப் புடிச்சிக் கியர்மேல வெப்பா. கை நடுங்கும். அப்றம் ஒருநாள் நடுங்கல."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். முதல் கியர் போடப்போனபோது அவள் வலது கை கதவில் போய் இடித்தது. "அங்க ஸ்டியரிங் அந்தப் பக்கங்க" என்று சிரித்துக்கொண்டே இடது கையால் கியரைத் தேடிப் பிடித்தாள். அவ்வளவுதான் தடுமாற்றம். அதன் பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியைப் பார்த்து, லாரிக்கு இடம் விட்டு, மறுபடி உள்ளே வந்து, சிரமமே இல்லாமல் ஓட்டினாள். வெட்டின முடி காற்றில் அலைந்து முகத்தில் விழுந்தது. அதை அவள் ஒதுக்கக்கூட இல்லை. முள் அறுபது, எண்பது என்று ஏறியது. சவுரிராயன் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான்.

பெருமையாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போனது. அவள் அழுத அந்த ஒரு மாதத்தில் கையைப் பிடித்துக் கியர்மேல் வைத்தது தன் கை இல்லை. தோளில் மோவாயை வைத்துக்கொண்டு வருகிறவளுக்காகத்தான் பட்டறையில் அத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பழைய செல்வி இனி எந்த விமானத்திலும் வரப்போவதில்லை. இவள் வந்திருக்கிறாள். இவளையும் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இவள் இல்லாமலும் இருக்க முடியாது என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

பேரணி தாண்டினார்கள். செல்வி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணுங்க. மூஞ்சியப் பாத்தா சொல்ல முடியாது, அதான் ஓட்டிக்கினே சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கறதா எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கலை படிப்பு ஒரு காரணம்தான். அது மட்டும்னு சொன்னா பொய். வார்டுக்கு என்னைய இன்சார்ஜா போட்டுக்கிறாங்க. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குங்க. நீங்க இல்லாததுதான் புடிக்கல. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது, இன்னா பண்றது?"

காற்றில் அவள் குரல் துண்டு துண்டாக வந்தது. ஆனாலும் ஒரு சொல்லும் தவறாமல் அவன் காதில் விழுந்தது. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. கூட்டேரிப்பட்டு பாலம் கிட்டத்தில் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் திண்டிவனம் கூப்பிடுதூரம். முள் தொண்ணூறில் நின்றது.

"கொஞ்சம் மெதுவா போ, செல்வி."

"பயமா கீதா?"

"இல்ல. இப்டியே போனா திண்டிவனம் வந்துடும்."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். உடனே ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். காலைத் தளர்த்தி வண்டியை இடதுபக்கம் ஒதுக்கினாள். பின்னால் வந்த லாரி எரிச்சலோடு ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டியது. ஆட்டோக்கள் தாண்டின. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றின மினி லாரி ஒன்றும் தாண்டிப் போனது. மயிலம் மலைக் கோபுரம் ரொம்ப நேரம் கூடவே வந்துகொண்டிருந்தது.

"அங்க ரோடு எப்டி இருக்கும்?" என்று சவுரிராயன் கேட்டான்.

"எங்க?"

"நீ தெனம் ஓட்டிக்கினு போற ரோடு. சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒருபக்கம் ஒரு புல்கூட இல்லாத மலை, காலையில் ஒரு நிறம், திரும்பி வரும்போது ஒரு நிறம் என்றாள். இன்னொரு பக்கம் கடல், ஆனால் கட்டடங்களுக்கு நடுவில் இரண்டே இடத்தில்தான் கண்ணில் படும் என்றாள். ஒரு ரவுண்டானாவின் நடுவில் ஆள் உயரத்துக்குக் காப்பிக் கூஜா ஒன்று சிலையாக நிற்கிறது. அந்த இடம் வந்தால் விழுப்புரத்தில் அவன் சாப்பிட உட்காரும் நேரம் என்று கணக்கு. குறுக்கே ஆடுகள் வந்தால் எல்லா வண்டியும் நின்றுவிடும், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்றாள். அவன் நடுநடுவே கேள்வி கேட்டான். பெட்ரோல் எங்கே போடுவாய், டயர் பஞ்சர் ஆனால் யாரைக் கூப்பிடுவாய், மழை வருமா, வண்டி என்ன நிறம்.

"வெள்ள. வெயிலுக்கு எல்லாமே வெள்ளதாங்க."

ரோஷணைத் தெருவுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சத்தம் கேட்டு, "செல்வியா? வந்துட்டியாம்மா?" என்று உள்ளேயிருந்து கோவிந்தம்மாளின் குரல் வந்தது.

"தோ வர்றேம்மா" என்று செல்வி பதில் கொடுத்தாள். ஆனால் இறங்கவில்லை. மஸ்கட்டில் ஒருமுறை மழை பெய்து அந்த ரோட்டில் ஆறு மாதிரித் தண்ணீர் ஓடியதைப் பாதிவரை சொல்லியிருந்தாள்.

"அப்றம்?" என்றான் சவுரிராயன்.

அவள், பாவாடை நாடாவைப் போலத் தொங்கிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டை விரலில் சுற்றிக்கொண்டே மீதியைச் சொன்னாள்.